யாருக்கு இந்தச் சாய்தளம்?

நடைபாதையில் சாய்தளம் கேட்டால், “ஒருத்தர் ரெண்டு பேருக்காகவா இவ்வளவு செலவு?” என்ற கேள்வி வரும். “நம்ம தெருவுல சக்கர நாற்காலியையே பார்த்ததில்லையே” என்றும் சொல்வார்கள். இதற்குக் கோபப்படாமல் பதில் சொல்லலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனமோ, உலகில் ஆறில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க குறைபாடு உண்டு என்கிறது. நாம் மட்டும் அவ்வளவு திடகாத்திரமானவர்களா? இல்லை, கேட்கும் விதம் வேறு. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, வீட்டில் குறைபாடு உள்ளவர் உண்டா என்று கேட்டு, எட்டு வகைகளில் ஒன்றாகக் குறித்துக்கொண்டார். மூட்டு தேய்ந்து படியேற முடியாத பாட்டிக்கு, ‘வயசாயிடுச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடு, குறைபாடுள்ள அவள் தம்பியைப் பற்றிச் சொல்லத் தயங்கும். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக்கியது. ஆனால் நம் கையில் இருப்பது அதற்கு முந்தைய எண்.

தெருவில் கண்ணில் படாததற்குக் காரணம் தெருவிலேயே இருக்கிறது. சென்னையில் பல நடைபாதைகள் மழைநீர் வடிகாலின் மூடிமேல் போட்டவை. அதனால் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிடுகின்றன. ஏறினாலும் நாலடியில் மின்வாரியப் பெட்டி, அடுத்து நிறுத்திய பைக், அதற்கடுத்து ஜவுளிக்கடைப் பொம்மை. கைத்தடிக்காரர் இறங்கி ரோட்டில் நடக்கிறார். சக்கர நாற்காலிக்காரர் வீட்டைவிட்டே கிளம்புவதில்லை.

சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறி எளியது: நடைபாதை உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், சாய்தளம் 12-க்கு 1. அதாவது 15 செ.மீ. ஏற 1.8 மீட்டர் நீளம் போதும். உயரம் 45 செ.மீ. ஆனால் 5.4 மீட்டர் வேண்டும். அத்தனை இடம் எந்தத் தெருமுனையில் இருக்கிறது? ஆகவே முதலில் குறைக்க வேண்டியது உயரத்தை. அதற்குத் தனிச்செலவு தேவையில்லை. வடிகால் கட்டும்போதே மட்டம் பார்த்தால் போதும்.

தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-ல் திறந்த அகல நடைபாதையில் குழந்தை வண்டி தள்ளும் தாயும் தாத்தாக்களும் நடக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தக் கணக்கிலும் மாற்றுத்திறனாளிகள் அல்லர்.

அணுகல் வசதிக்கான குறைந்தபட்ச விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இனி அளந்து பார்ப்பது நம் வேலை. பிள்ளையின் ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் ஸ்கேல் 15 சென்டிமீட்டர் வரை அளக்கும். உங்கள் தெரு நடைபாதையின் ஓரத்தில் அதை நிறுத்திப் பாருங்கள். அதற்கு மேலும் சிமென்ட் தெரிந்தால், படம் எடுத்து வார்டு கவுன்சிலரிடம் மனுவோடு கொடுங்கள்.