இரண்டாம் அயல்மொழி எது?

ஒவ்வோராண்டும் கல்லூரி திறக்கும் நாட்களில், புதிதாய்ச் சேரவரும் மாணவர் கையிற் கொடுக்கப்படும் விண்ணப்பத்தாளில் ‘முதற்பகுதி மொழி’ என்றொரு கட்டம் உண்டு. பிறந்த நாளையும் தந்தையார் தொழிலையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து எழுதும் மாணவர், இக்கட்டத்தை நிரப்புதற்கு அரை நிமிடமும் செலவிடுவதில்லை. பக்கத்தில் நிற்பவர் யாது எழுதினாரோ அதுவே எழுதப்படுகின்றது. தமிழன்றேல் அது பெரும்பாலும் பிரெஞ்சு. நான்கு பருவங்கள் தம்மோடு உடன்வரவேண்டிய ஒரு மொழியைச் செருப்புக் கடையிற் செருப்புத் தேர்வதினும் விரைவாகத் தேர்ந்துவிடுகின்றனர். இதனைக் குறித்துச் சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

ஏன் பிரெஞ்சு என்று வினவினால், அம்மொழியின் காவியங்களைக் கற்கும் ஆர்வத்தால் என்றோ, புதுச்சேரியின் பழைய ஆவணங்களைப் படிக்கும் விருப்பத்தால் என்றோ விடை வருவதில்லை. ‘மதிப்பெண் நிறையக் கிடைக்கும்’ என்பதே விடை. அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் பாடத்திற்கு வினாத்தாளும் அரிச்சுவடியளவில் அமைவது இயல்பு. ஆதலின் மதிப்பெண் கிடைப்பது உண்மையே. ஆனால் அந்த மதிப்பெண்ணோடு மொழியும் வந்ததா என்பதே நம் வினா. இரண்டாண்டு பயின்று முதல்வகுப்பிற் தேறிய மாணவர் ஒருவரிடம் பாரிசிலிருந்து வந்த செய்தித்தாள் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், தலைப்பைத் தாண்டார். அவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர் மொழியைத் தேரவில்லை, மதிப்பெண்ணைத் தேர்ந்தார், தேர்ந்தது கிடைத்தது.

இன்னொரு சாரார் உளர். அவர் பிழைப்பு நோக்கித் தேர்பவர். இவரை எள்ளி நகையாடுவார் சிலர். அவரோடு நாம் உடன்படோம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களுட் பெரும்பாலானவை கல்விக்கட்டணம் பெறுவதில்லை. அந்நாட்டில் செவிலியராய்ப் பணிபுரிய விழைவோர் அம்மொழியில் நல்ல தேர்ச்சியைக் காட்டுதல் வேண்டும். ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கங்களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பல உள்ளன. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை இவற்றை எண்ணி ஒரு மொழியைக் கற்கப் புகுதல் அறிவுடைமையே. மதிப்பெண்ணுக்காகக் கற்பவர் தேர்வோடு நிறுத்திவிடுவார். பிழைப்புக்காகக் கற்பவர் மொழி வரும்வரை நிறுத்த இயலாது. அவ்வளவில் இவரே மேலானவர்.

ஆயினும் இவர் ஒரு கணக்கை நன்கு போட்டுப் பார்த்தல் வேண்டும். வாரத்திற்கு நான்கு மணி, பருவத்திற்குப் பதினைந்து வாரம், பருவங்கள் நான்கு எனக் கொள்வோம். ஆக 240 மணி. ஐரோப்பியர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆறுபடி அளவுகோலில் இது இரண்டாம் படியளவிற் கொண்டு நிறுத்தும். அதுவும் வீட்டுப்பாடம் ஒழுங்காகச் செய்தவர்க்கு. செவிலியர்க்கு வேண்டப்படுவதோ நான்காம் படி. எஞ்சிய தொலைவைக் கல்லூரி நடந்து தாராது, தாமே நடக்கவேண்டும். ஜப்பானியத்தின் செய்தி இன்னும் கடினமானது. ஒலியெழுத்து வரிசைகள் இரண்டையும் சில வாரங்களிற் கற்றுவிடலாம். அதன்பின் நிற்பவை அன்றாட வழக்கிற்கென அந்நாட்டரசு 2010இல் வகுத்த 2,136 சித்திரவெழுத்துக்கள்.

இங்கே ஓர் இடைச்செய்தி. ஆங்கிலம் பேசுவோர் ஜப்பானியம் கற்க 2,200 வகுப்பு மணி வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் கணக்கிட்டிருக்கின்றது. நம் மாணவர் பலர் அதைக் கண்டு அஞ்சிவிடுகின்றனர். அக்கணக்கு ஆங்கிலத்தினின்று புறப்படுவார்க்கு உரியது. தமிழினின்று புறப்படுவார்க்கு வழி வேறு. ஜப்பானியத்தில் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். வேற்றுமை காட்டும் சொல் பெயர்க்குப் பின்னே ஒட்டும். எச்சங்களை அடுக்கி வாக்கியத்தை நீட்டலாம். இவற்றையெல்லாம் தமிழ்ப்பிள்ளை தொட்டிலிலேயே கற்றுவிட்டது. (இவ்வொப்புமை கண்டு இரு மொழிகளும் உறவின என்று சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியப் பேராசிரியர் வாதித்தார். மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. நமக்கும் ஏற்க வேண்டுவதில்லை. ஒப்புமை மட்டும் கற்பார்க்குப் போதும்.) சித்திரவெழுத்தின் சுமை எவர்க்கும் ஒன்றே. வாக்கியத்தின் சுமையோ நமக்குக் குறைவு. தம் தாய்மொழியின் இலக்கணத்தை அறிந்தவர்க்கே இவ்வுதவி கிட்டும் என்பதையும் சொல்லவேண்டும். ‘எச்சம்’ என்றால் என்னவென்று அறியாதவர் கையிலுள்ள பொருளைத் தெருவில் தேடுவார்.

இனி, நம் கருத்துக்கு வருவோம். மதிப்பெண்ணும் பிழைப்பும் தவிர, மொழியைத் தேர்தற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம்முடைய பொருள் ஏதேனும் அம்மொழியிற் பூட்டப்பட்டுக் கிடக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். அப்படிப் பார்ப்பின் நாம் ஜெர்மன் மொழியையே முதலில் நிறுத்துவோம். என்னை? கூறுதும்.

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதை யாவரும் அறிவர். அவர் 1708இல் தாம் ஈட்டிய தமிழ் ஏடுகளுக்கு ஓர் அட்டவணை எழுதினார். நூறுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. அக்காலத்துச் சோழநாட்டுக் கடற்கரையில் எந்நூல்கள் மக்கள் கையில் வழங்கின என்பதற்கு அதனினும் நேரான சான்று அரிது. அது ஜெர்மன் மொழியில் உள்ளது. தென்னாட்டுத் தெய்வங்களின் மரபைக் குறித்து அவர் எழுதிய பெருநூல் 1713இல் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சேறாமற் கிடந்து, 1867இல் சென்னையில் அச்சாயிற்று. அதுவும் ஜெர்மன் மொழியதே.

இவற்றினும் நம்மை வருத்துவது ஒன்று உண்டு. 1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் அவருடைய துணைவர் கிருண்டலரும் தமிழர் பலர்க்கு வினாக்கள் எழுதி விடுத்தனர். சமயம், திருமணம், நோன்பு, மருத்துவம், வழக்கு, உழவு முதலியன பற்றிய வினாக்கள். தமிழர் ஓலையில் விடை எழுதினர். அவ்விடைகளுள் 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு, 55 கடிதங்கள் 1714லும் எஞ்சிய 44 கடிதங்கள் 1717லும் ஹாலேயில் அச்சிடப்பட்டன. எழுதியவர் அஞ்சி நடுங்கி எழுதவில்லை. ஐரோப்பியரின் குடியையும், தூய்மையின்மையையும், ஆவைக் கொன்று தின்பதையும் முகத்துக்கு நேரே கடிந்திருக்கின்றனர். முந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட நம் ஊரார், அரசரும் புலவரும் அல்லாதார், தம் வாயாற் சொன்ன சொற்கள் அவை. அவற்றின் தமிழ் மூலம் இன்று இல்லை. ஜெர்மன் பெயர்ப்பு மட்டுமே எஞ்சியது. தன் பாட்டனாரின் கடிதத்தைப் படிக்கப் பேரன் அயல்மொழி கற்கவேண்டிய நிலை வேறெங்கும் உண்டோ அறியோம், இங்கு உண்டு.

கார்ல் கிரௌல் என்பார் 1849 முதல் இந்நாட்டில் சில ஆண்டுகள் தங்கிச் சென்று, திருக்குறளை 1856இல் ஜெர்மனிலும், அவர் மறைந்தபின் வெளிவந்த தொகுதியில் இலத்தீனிலும் அளித்ததையும் இங்கே நினைக்கலாம். ஒரு குறளைத் தமிழிலும் ஜெர்மனிலும் பக்கத்தில் வைத்துக் கற்பதினும் நல்ல பாடம் தமிழ் மாணவர்க்கு அமைவது அரிது.

அம்மொழி எளிதென்று நாம் சொல்லவில்லை. கரண்டி ஆண்பால், முள் பெண்பால், கத்தி அலிப்பால் என்னும் மொழி அது. ஞாயிறு பெண், திங்கள் ஆண், சிறுமியோ இரண்டுமில்லை. அறிவுடையதை உயர்திணை என்றும் அல்லாததை அஃறிணை என்றும் பகுத்துப் பழகிய நமக்கு இது சினமூட்டும். ஆனால் வேற்றுமையுருபைக் கண்டு அஞ்ச வேண்டா. அங்கே நான்கு, நம்மிடம் எட்டு. சார்புவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும்போது ஆங்கிலேயர் திகைப்பர். நம்மவர் வீட்டுக்கு வந்தது போல் உணர்வர்.

போர்த்துக்கேசியமும் ஒல்லாந்தமும் இதே காரணத்தால் நம் மதிப்பிற்குரியன. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் போர்த்துக்கேசிய நூலொன்றன் பெயர்ப்பு. அவர் விட்டுச்சென்ற சன்னலும் சாவியும் மேசையும் அலமாரியும் இல்லாத தமிழ்வீடு இல்லை. ஒல்லாந்தர் விட்டது துட்டும், மற்றொரு சொல்லும்; அம்மற்றொன்றை இவ்விதழில் எழுதுவது அழகன்று. பழவேற்காடு, நாகப்பட்டினம் ஆகியவற்றின் வாணிக வரலாறு அவர் குறிப்பேடுகளில் அடைபட்டுள்ளது. ஆயின் இவ்விரண்டையும் கற்பிப்பார் நம் பக்கத்தில் அரியர். ஆசிரியர் இல்லாத மொழியைப் பரிந்துரைப்பது கிணறில்லாத ஊரில் கயிறு விற்பதாகும்.

இவ்வளவும் கூறியபின் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அயல்மொழி தமிழின் இடத்திற்கு வரலாகாது. இன்றைய ஏற்பாட்டில் பிரெஞ்சு எடுத்த தமிழ்ப்பிள்ளை தமிழை விட்டுவிடுகின்றது. பள்ளியிலும் அவ்வாறே விட்டுவந்த பிள்ளைகள் பலர். இரண்டு பாதிகளைக் கூட்டினால் முழுமை வரும் என்று எண்ணுகின்றனர் போலும். ஆனந்தரங்கப்பிள்ளை டூப்ளேயின் துபாசியாய் வாழ்ந்தவர். அயலாரோடு வாணிகமும் அரசியலும் நடத்தியவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்போ தமிழில் உள்ளது. பிரெஞ்சுக்காரரே அதனைத் தேடிப் பெயர்த்துப் படிக்கவேண்டியதாயிற்று. அவர் ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றியிருந்தால் நமக்கும் அவர்க்கும் இழப்பாயிருக்கும்.

தாய்மொழி வேறாயுள்ள மாணவர்க்கு இது பொருந்தாது. அவர் விருப்பம் அவர்க்கு. தமிழ்ப்பிள்ளைகள் முதற்பகுதியிற் தமிழே கற்கட்டும். அயல்மொழி மாலையிற் கற்கும் தனி வகுப்பாகட்டும், மதிப்பெண் பட்டியலில் அது சேரவேண்டா. சேராதாயின் வருவோர் குறைவர் என்று ஆசிரியர் சிலர் நம்மிடம் கூறினர். குறையட்டும். நூற்றைம்பது பேர் அமர்ந்த அறையில் ஒருவரும் வாய்திறந்து பேசிப் பழக இயலாது. பதினைந்து பேர் இருந்தால் இயலும்.

மாலை நான்கரைக்குமேல் நம் கல்லூரியில் அறைகள் பல வெறிதே கிடக்கின்றன. ஹாலே அச்சிட்ட பழைய அறிக்கைகள் இப்போது இணையத்திற் படமாகக் காணக் கிடைக்கின்றன. பழைய கோண எழுத்தைப் படிக்க ஒரு வாரப் பயிற்சி போதும். முதலாண்டில் அடிப்படைப் பாடம், இரண்டாமாண்டின் இறுதியில் அந்த 99 கடிதங்களுள் ஒன்றேனும் அகராதியின் துணைகொண்டு தமிழிற் பெயர்த்தல் என்று வகுத்துக்கொள்ளலாம். அவ்வாறு பெயர்க்கப்படும் முதற் கடிதத்தை இவ்விதழின் தமிழ்ப்பகுதியிலேயே வெளியிட இடம் ஒதுக்கித் தருமாறு பதிப்பாசிரியரை இப்போதே கேட்டுக்கொள்கின்றோம்.