சீட்டுல கள்ளாட்டம் ஆடுற நண்பனை என்ன செய்யலாம்?

சேலம், நாமக்கல் பக்கம் பொங்கல் லீவு விட்டா மொட்டை மாடியில ரம்மி களை கட்டும். தோத்தவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும், பந்தயம் அவ்ளோதான். அதுலயும் கீழே விழுந்த சீட்டை நைசா உருவ ஒருத்தன் இருப்பான்!

"டீக்காசுதானே, விடு மச்சி"ங்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லீங்க. ரம்மி, மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்ல, பெரும்பாலும் திறமைன்னு உச்ச நீதிமன்றம் 1967-ல சொல்லுச்சு. விழுற சீட்டை ஞாபகம் வெச்சு ஆடணும்ங்கிறது அதுக்கு ஒரு காரணம். ரெண்டு ஆர்ட்டின் ஜாக்கியும் விழுந்தாச்சுன்னு ஒருத்தன் கணக்கு வெச்சு ஆடுறான். அதுல ஒண்ணை இன்னொருத்தன் உருவிட்டா? ஒழுங்கா ஆடுனவன்தான் ஏமாளி. திருடு போனது டீக்காசு இல்ல, ஆட்டமே.

அதுக்காக நாலு பேர் முன்னாடி "திருடன்"னு கத்தாதீங்க. அந்தப் பேரு ஊர்ல ஆயுசுக்கும் ஒட்டிக்கும். மேல் சீட்டைத் தவிர வேற சீட்டைத் தொட்டா ஃபுல் கவுண்ட் 80-ன்னு எல்லாருக்கும் பொதுவா விதி போடுங்க. அவன்கிட்ட தனியா, நேரா சொல்லிடுங்க.

அப்புறமும் திருந்தலையா? அவனுக்கு சீட்டு போடாதீங்க. டீ மட்டும் கொடுங்க. ஆட்டத்துக்குத்தான் அவன் ஆகாது, நட்புக்கு இல்ல.