மாடல் விமானம் பொம்மை இல்லை



ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்களைக் கல்லூரி மாணவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஆசையாகச் செய்கிறார்கள். நல்ல பொழுதுபோக்கு, நல்ல படிப்பும் கூட. வேண்டாம்னு சொல்ல வரல.

ஆனா அதை "பொம்மை"ன்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் ஆபத்து.

ஒரு சின்னக் கணக்கு. 10 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 10,000 முறை சுற்றினால், அதன் நுனி வேகம் மணிக்கு சுமார் 480 கி.மீ.!

விரல் பட்டதை உணர்ந்து கையை இழுக்க நமக்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் இரண்டு இதழ்களும் சேர்ந்து அந்த இடத்தை 60 தடவைக்கு மேல் கடந்துவிடும்.

அதனால்தான் இது கத்திக்காயம் போல ஒரு வெட்டோடு நிற்பதில்லை. வரிசையாகப் பல வெட்டுகள் விழலாம். தோலோடு தசைநாண், நரம்பு, எலும்பு எல்லாம் போகலாம்.

"பேட்டரிதானே, பெட்ரோல் இன்ஜின் இல்லையே" என்பார்கள். சின்ன இன்ஜின் கையில் பட்டால் பல நேரம் நின்றுவிடும். மின் மோட்டாரோ தடுத்தால் இன்னும் அதிக மின்சாரத்தை இழுத்து மறுபடி சுற்றப் பார்க்கும்.

விமானம் வானத்தில் இருக்கும்போது உங்கள் விரல் அதன் பக்கத்தில் இல்லை. மேசையில் வைத்து சோதிக்கும்போதுதான் இருக்கிறது. குனியும்போது சட்டை பட்டு ரிமோட் குச்சி நகர்ந்தால் போதும், மோட்டார் சுற்றும்.

ஆகவே என் கருத்தில் முதல் விதி இதுதான்: மேசையில் சோதனை என்றால் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் பேட்டரியை இணைக்க வேண்டும்.

மைதானத்தில்:
▪️ ரிமோட்டை முதலில் ஆன் செய்து, வேகக் குச்சி கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியைக் கடைசியாக இணையுங்கள்
▪️ விமானத்தை ஒருவர் பிடித்திருக்கட்டும். எல்லோரும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நில்லுங்கள், நேர் பக்கத்தில் வேண்டாம்
▪️ தொங்கும் துப்பட்டா, கழுத்துப் பட்டை வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்
▪️ விரிசல் விட்ட ப்ரொப்பெல்லரை ஒட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள்

வெட்டுப்பட்டால்:
▪️ சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். நடுநடுவே திறந்து பார்க்காதீர்கள்
▪️ மோதிரத்தை உடனே கழற்றுங்கள்
▪️ மஞ்சள்தூள், காபித்தூள் வேண்டவே வேண்டாம்
▪️ விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக்கூடாது
▪️ ரத்தம் நின்றாலும் விரல் மடங்கவில்லை, மரத்துப் போகிறது என்றால் தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்

போட்டியும் பயிற்சி முகாமும் நடத்தும் ஆசிரியர்களே, விமானம் எவ்வளவு நேரம் பறந்தது என்பதற்கு மதிப்பெண் தருகிறீர்கள். சோதனை மேசையில் ப்ரொப்பெல்லர் மாட்டியிருந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். ஒரே பருவத்தில் பழக்கம் வந்துவிடும்.

ப்ரொப்பெல்லரைக் கழற்ற ஒரு நிமிடம்தான் ஆகும். அறுந்த தசைநாணைத் தைத்தபின் அந்த விரல் பழையபடி மடங்கப் பல மாதப் பயிற்சி தேவைப்படும். சிலருக்கு முழுதாக மடங்காமலே போகும்.