ஐந்தாம் அட்டவணையும் கொல்லிமலை மிளகும்



காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கப் போய்வரும் நம் வியாபாரிகளுக்கு அவை மனப்பாடம். சோளக்காடு சந்தையில் மூட்டைக்கு விலை பேசும்போது, மலையாளிப் பழங்குடி மக்கள் எவரேனும் உங்களிடம் 'வக்ஃபு வாரியம் என் காட்டைப் பிடுங்கிக்கொண்டது' என்று அழுததுண்டா? வட்டிக்காரரைப் பற்றி அழுதிருப்பார்கள். எடைக்கல்லைப் பற்றியும் அழுதிருக்கலாம். (அது நம்மவர் எடைக்கல்லாக இருந்தால் அல்லாஹ்வுக்குப் பயந்துகொள்ளுங்கள்!)

ஆனால் 2025 வக்ஃபு திருத்தச் சட்டம் பழங்குடியினர் நிலத்தைக் காக்கும் என்றது மத்திய அரசு. அதற்கென்றே 3இ என்று ஒரு பிரிவு. அரசியல் சாசனத்தின் ஐந்தாம், ஆறாம் அட்டவணைகளின் கீழ் வரும் பழங்குடியினர் நிலத்தை வக்ஃபு ஆக்க முடியாதாம். நல்லது, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பிறருடைய நிலத்தை வக்ஃபு செய்ய மார்க்கமே அனுமதிக்கவில்லையே! சங்கதி வேறு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒரு சாண் கூட இல்லை. கொல்லிமலையும் இல்லை, பச்சைமலையும் இல்லை, கல்வராயனும் இல்லை. ஆக, கொல்லிமலைக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு கடல் தாண்டியவன் கொடுத்த குடை மாதிரி. வராத மழைக்கு, எட்டாத குடை! அவர்கள் நிலம் வெளியாள் கைக்குப் போகாமல் தடுக்க எந்த அமைச்சர் மசோதா கொண்டுவருவார் என்று சந்தையில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது திருச்செந்துறை. 2024 ஆகஸ்டில் மசோதாவை அறிமுகம் செய்தபோது அமைச்சர் கிரண் ரிஜிஜு இந்தக் காவிரிக்கரைக் கிராமத்தை நாடாளுமன்றத்தில் இழுத்தார். 1,500 ஆண்டுப் பழைமையான கோயில் இருக்கும் ஊரையே வக்ஃபு என்கிறார்களே என்றார். அங்குள்ள சந்திரசேகரர் கோயில் முற்காலச் சோழர் கோயில். தாராளமாகக் கணக்கிட்டாலும் 1,100 ஆண்டு. மீதி 400 ஆண்டு? வட்டி போலும்! நமக்கு வட்டி ஆகாது, அசலைப் பேசுவோம்.

2022இல் அவ்வூர் விவசாயி ஒருவர் தன் நிலத்தை விற்கப் போனார். சென்னையில் வக்ஃபு வாரியத்திடம் தடையில்லாச் சான்று வாங்கி வா என்று பத்திர அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். இது அநியாயம்தான். பல தலைமுறையாக உழுத மனிதனைப் பட்டியலைக் காட்டி அலைய வைப்பதை எந்த முஸ்லிமும் நியாயப்படுத்தக் கூடாது. வாரியம் தன் பட்டியலைச் சரிபார்த்திருக்க வேண்டும். ஆனால் ராணி மங்கம்மாள் திருச்சி நத்தர்வலி தர்காவுக்கு நிலம் கொடுத்தவர் என்பதும் சரித்திரம். (தர்கா விஷயத்தில் நம் கொள்கை வேறு, நிலத்தின் கதை வேறு.) ஓர் இந்து ராணி மனமுவந்து கொடுத்தார். இன்று புதிய சட்டப்படி அவரால் கொடுக்க முடியாது! ஐந்தாண்டு இஸ்லாத்தைக் கடைப்பிடிப்பவர் என்று காட்டினால்தான் வக்ஃபு செய்யலாம். அதை யார் அளப்பது, தாசில்தாரா? நல்ல வேளையாக 2025 செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம், விதிமுறை வகுக்கும் வரை அதை நிறுத்தி வைத்தது.

ரிஜிஜு இன்னொன்றும் கேட்டார். உலகிலேயே அதிக வக்ஃபு சொத்து இந்தியாவில் இருக்கிறதே, அது ஏன் ஏழை முஸ்லிமின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் பயன்படவில்லை?

சகோதரர்களே, இந்தக் கேள்வியைக் கேட்டவர் யார் என்று பார்க்காதீர்கள். கேள்வி சரியானது. 2006இல் சச்சார் குழுவே சொல்லிவிட்டது: 4.9 லட்சம் சொத்துகள், 6 லட்சம் ஏக்கர், சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி. ஆண்டு வருமானமோ வெறும் 163 கோடி! ஒழுங்காக நிர்வகித்தால் 12,000 கோடி வரும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தது. நாம் என்ன செய்தோம்? நானறிந்த ஒரு கடைவீதியில் பள்ளிவாசல் கடைக்கு மாத வாடகை, கடைக்காரர் ஒரு நாள் டீ வாங்கிக் கொடுக்கும் செலவுக்குக் கூடக் காணாது. அவரும் கடை நடத்தவில்லை; உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். முதல் ஸஃப்பில் நிற்கும் மனிதர். ஜும்ஆவில் இதைப் பற்றிப் பேசினேன். தொழுகை முடிந்து முஸாஃபஹா கொடுக்க அவர் வரவில்லை!

இந்த ஓட்டைதான் அவர்கள் நுழையும் வாசலாயிற்று. அதற்காகச் சட்டம் நியாயமாகிவிடாது. வருமானத்தைப் பெருக்க, வக்ஃபு வாரியத்தில் முஸ்லிம் அல்லாதவர் எதற்கு? கோயில் அறங்காவலர் குழுவில் ஒரு காதர் பாட்சாவைப் போடுவார்களா? போடக் கூடாது என்பதுதான் நம் நிலையும்.

சட்டத்துக்குப் பெயர் 'உம்மீத்'. உருதுவில் நம்பிக்கை என்று பொருள். அதே பெயரில் இணையதளம் திறந்து, எல்லா வக்ஃபு சொத்துகளையும் ஆறு மாதத்தில் பதியச் சொன்னார்கள். கெடு 2025 டிசம்பர் 6. தேதியைப் பார்த்தீர்களா! நீட்டிக்க உச்ச நீதிமன்றம் மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றது.

மலையடிவார ஊர் ஒன்றில் பெரியவர் ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து பள்ளிவாசலின் பத்திரத்தைக் காட்டினார். கரையான் பாதி படித்து முடித்திருந்தது. சர்வே எண் மட்டும் மிச்சம். நம் இளைஞர்கள் இருவர் அதை வைத்துக்கொண்டு வில்லங்கச் சான்றுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் மஹல்லாவின் பெட்டிக்குச் சாவி யாரிடம் இருக்கிறது? இந்த வெள்ளிக்கிழமையே விசாரியுங்கள்.