சுருட்டை முடியா? காய்ந்த பின் வெட்டுங்கள்!

ஜவ்வாது மலை மார்கழிக் குளிரில், ஜமுனாமரத்தூர்த் தாய்மார்கள் பிள்ளையின் தலையை நனைத்துத்தான் முடி வெட்டணுமா? சுருட்டை முடி என்றால் வேண்டவே வேண்டாம்! ஈரத்தில் முடி நீளும். சுருளும் தண்ணீர்க் கனத்தில் தொங்கும். புருவம் வரை அளந்து வெட்டினால், காய்ந்ததும், "அடடா, பாதி நெற்றிக்கு ஏறிடுச்சே!" என்று தவிப்பீர்கள். ஈரத்தில் முடி நீளும் இந்தக் குணத்தை வைத்தே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைச் செய்து, 1783-ல் அதுபற்றி நூலும் எழுதினார் ஜெனீவா விஞ்ஞானி சோசூர்.

முதல் நாளே எண்ணெய் போக அலசி, ஈரத்திலேயே அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். மறுநாள், இழுக்காமல், சுருள் தொங்குகிறபடியே சிறிது சிறிதாக நறுக்குங்கள். நேர்முடியை ஈரத்தில் வெட்டுவது சுலபம். ஆனாலும் அரை விரல் மிச்சம் விடுங்கள். குறைந்தால் மறுபடி வெட்டலாம். கூடினால் ஒட்ட வைக்க முடியுமா, சொல்லுங்கள்!