நான் தவறாகச் சொல்லிக் கொடுத்த ஒரு பாடம்

"டீச்சர் இதையெல்லாமா எழுதுறாங்க" என்று சிலர் நினைக்கலாம். பரவாயில்லை, படியுங்கள்.

எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவப் பாடம் வந்தால் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவேன். பெண்பிள்ளைகளிடம், "உள்ளேயும் சோப்புப் போட்டு நல்லா கழுவணும்" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். அது தப்பு.

போன மாதம் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்) அரிப்பும் வாடையுமாகத் தவித்தாள். வாடை போக வேண்டுமென்று வாசனைத் திரவம் வாங்கி உள்ளே கழுவியிருக்கிறாள். கழுவக் கழுவ அதிகமானது. டாக்டரம்மா மருந்து எழுதிவிட்டு, முதலில் கழுவுவதை நிறுத்தச் சொன்னார்.

பால் தயிராவதை நடத்தினேனே, அந்த லாக்டோபாசில்லஸ் ஞாபகம் இருக்கிறதா? அதன் பங்காளிகள்தான் பிறப்புறுப்புக்குள்ளும் குடியிருக்கின்றன. டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-லேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். அங்குள்ள கிளைக்கோஜன் என்ற சத்திலிருந்து இவை லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. அதனால் அந்த இடத்தின் பி.எச். 3.8 முதல் 4.5 வரை இருக்கும். நீல லிட்மஸ் தாள் சிவப்பாகும் அளவு புளிப்பு. கெட்ட கிருமிகளுக்கு அது ஆகாது.

எனக்குப் புதிதாக இருந்தது இதுதான்: அந்த அமிலம் கிருமியை அடக்குவதோடு, உள்தோலில் அழற்சியையும் தணிக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் தேவையில்லாமல் கொதித்தெழாமல் பார்த்துக்கொள்கிறது. நல்ல பாக்டீரியா குறைந்தால் வேறு கிருமிகள் பெருகும், அழற்சி கூடும். அப்போது அங்கே ஓடிவரும் அணுக்களைத்தான் எச்.ஐ.வி. பிடிக்கிறது. அதனால் அந்தத் தொற்று எளிதாகிறது. கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ ஆபத்தும் கூடுகிறது. சோப்பை உள்ளே விடுவது காவல்காரனை நாமே விரட்டுவது போலத்தான்.

வெளியே தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே எதுவும் வேண்டாம். தயிர் தடவலாமா என்று போன் செய்யாதீர்கள், தடவக் கூடாது. தயிரில் இருப்பது வேறு இனம்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று: மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறையும், இந்தப் பாக்டீரியாவும் குறையும். எரிச்சலையும் வறட்சியையும் "வயசானா அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து இருக்கிறது, டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பையன்களா, அன்று உங்களை வெளியே அனுப்பியதும் என் தப்புதான். இன்று உங்களுக்கும் மனைவி, மகள் இருக்கிறார்கள். நீங்களும் முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள்.

கமெண்டில் கேட்கக் கூச்சமாக இருந்தால் தனியாக மெசேஜ் போடுங்கள், கண்ணுகளா.