இரண்டு விநாடிச் சட்டம்

சென்ற கணேசோத்ஸவத்தின்போது, புணே நகரின் ஹடப்சரில் எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் நிகழ்ந்த விஞ்ஞானச் சொற்பொழிவில், காமா கதிர் வெடிப்பு இரண்டு விநாடிக்குள் அடங்கினால் இரு நியூட்ரான் நக்ஷத்திரங்கள் மோதின என்றும், மேற்பட்டு நீடித்தால் ஒரு மகா நக்ஷத்திரம் குலைந்து மாண்டது என்றும் சந்தேகத்துக்கு இடமின்றி நிர்ணயிக்கலாம் என்று பிரசங்கி முழங்க, மாணவர்களும் அவர்களைவிட ஆவலாகப் பெற்றோர்களும் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டதைக் கண்டு எனக்கு உண்டான எரிச்சல், பிரசாத மோதகத்தாலும் தணியவில்லை.

1993-இல் கிரிஸா குவெலியோட்டுவும் சகாக்களும், காம்ப்டன் விண்கலத்தின் பாட்ஸி கருவி பதிந்த வெடிப்புகளை நீட்சிவாரியாக அடுக்கியபோது நடுவே தென்பட்ட பள்ளமே இந்த இரண்டு விநாடி. அதை மதிலாக எழுப்பிய பெருமை பிற்காலப் போதகர்களைச் சேரும். அந்த நீட்சியும், வந்த கதிரில் நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் தொண்ணூற்றைந்து பங்கு வரை சேர ஆகும் நேரம்தான். கருவி மாறினால் அதுவும் மாறும்.

2021 டிசம்பர் 11-இல் ஒரு வெடிப்பு ஏறக்குறைய 50 விநாடி நின்றது. சட்டப்படி அது நக்ஷத்திர மரணம். ஆனால் நைனிதால் பக்கத்துத் தேவஸ்தலின் 3.6 மீட்டர் தொலைநோக்கி உட்படப் பல கண்கள் தேடியும் சூப்பர்நோவாவைக் காணோம். மோதலின் அடையாளமான கிலோநோவாவே தெரிந்தது. அந்த டிசம்பர் வெடிப்பின் ஒளி வரைகோட்டைக் கிட்ட வைத்துப் பார்த்தால், விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறி இறங்கும் கூர்முனைகள் நெருங்கி நிற்கின்றன. ஒளி ஒரு மில்லி விநாடியில் கடப்பது 300 கிலோமீட்டர். ஆகவே, வெடிப்பிலிருந்து பீறிடும் பாய்ச்சலின் அதிவேகத்துக்காகக் கணக்கைத் திருத்திய பிறகும், துடிப்பு விரைவாக இருக்க இருக்க அதன் மூலம் சிறிதாக இருக்கவேண்டும். நீட்சி மறைத்ததை நடுக்கம் காட்டிக்கொடுத்தது. நாகஸ்வரம் எத்தனை நாழிகை ஒலித்தது என்று மட்டும் விசாரித்து ராகத்தைச் சொல்லுகிற ரசிகரை எந்தச் சபை பொறுக்கும்? மண்டபத்தில் காட்டிய ஒரு வரைகோட்டைப் பார்த்து ஒரு சிறுமி, “கோடு ஏன் இவ்வளவு நடுங்குகிறது?” என்று கேட்டாள். “அது பாடத்தில் இல்லை” என்பது பதில்.

2020 ஆகஸ்ட் 26-இல் ஒரு விநாடியே நின்ற வெடிப்பு நக்ஷத்திர மரணத்தால் விளைந்தது என்றால், “விதிவிலக்கு” என்பார்கள். டிசம்பர் வெடிப்பும் விதிவிலக்காம்! விலக்குகள் எத்தனை சேர்ந்தால் விதிக்கு வெட்கம் வரும் என்று யாரும் சொல்லக் காணோம்.

இதே புணேயில், கணேஷ்கிண்டின் ஐயுகா வானியல் மைய வளாகத்தில், இந்திய விண்கலமான அஸ்ட்ரோஸாட்டின் சி.இஸட்.டி.ஐ. கருவி தரும் தரவுகளை ஆராய்கிறார்கள். அக்கருவி 2015 அக்டோபர் 6-இல், இயங்கத் தொடங்கிய அன்றே, ஒரு வெடிப்பைப் பிடித்தது. இதுவரை பிடித்தவை ஐநூறுக்கும் மேல். சோலாப்பூர் சாலையின் பயிற்சி வகுப்பு விளம்பரப் பலகைகளிலோ தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளைகளின் சிரித்த முகங்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஒரு வரி விடை, அதற்கு லக்ஷக்கணக்கில் கட்டணம். அஸ்ட்ரோஸாட்டின் தரவுகளையோ யாரும் எடுத்துக்கொள்ளலாம். வரைகோட்டை மேலும் மேலும் சிறு நேரத் துண்டுகளாக நறுக்கி வரைய, பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு சாதாரணக் கணினி போதும். அதற்கு மதிப்பெண் இல்லை. ஆகையால் ஆசிரியரும் இல்லை.